ஓல்ஸ்கார்ட் கம்பெனியின் முதல் பம்பு

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஓல்ஸ்கார்ட் அண்ட் சன்ஸ் கம்பெனியின் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. நிறுவனர் தன் கையால் வார்த்த முதல் பம்பு என்று நாலு தலைமுறையாகப் பெருமை பேசிய பித்தளைப் பம்பைக் காணோம். பூட்டு அப்படியே இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. இருந்த ஒரே சாவி காவலாளி டெல்மரின் இடுப்பில்.

பம்பில் ஆரம்பித்து, கதவுக் கீல், கொதிகலன் வால்வு, பால் கேன் என்று கைவைக்காத தொழிலே இல்லாத கம்பெனி அது. பத்து மணிக்கு டெக்சஸிலிருந்து பெரிய ஆர்டரோடு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களுக்குக் கம்பெனியை அறிமுகப்படுத்திப் பேசவேண்டிய துணைத் தலைவர் லைல் ஓல்ஸ்கார்ட், டெல்மர்தான் திருடன் என்று முடிவுகட்டிவிட்டார். டெல்மருக்கு வேலை போவது ஒருபக்கம். இந்தச் சின்ன ஊரில் திருட்டுப்பட்டம் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு மளிகைக் கடைக்குப் போவது?

போலீஸிலிருந்து வந்தவர் சார்ஜண்ட் வாண்டா ஸ்கோவ்ரோன். அலட்டிக்கொள்ளாத பெண்மணி. மான் வேட்டை தொடங்கிய வாரம், ஊரே காட்டுக்குப் போயிருந்தது. விஸ்கான்சினில் அப்போது எந்தத் தொழிற்சாலையில் ஆள் இருப்பான்? வாசல் கேமராவில் சனி, ஞாயிறு வந்துபோனது டெல்மரும் லைலும் மட்டும்தான். பேச்சைத் தயார்செய்ய வந்ததாகவும், பெட்டிப் பக்கமே போகவில்லை என்றும் லைல் சொன்னார். கூடவே, படிக்கிற காலத்தில் ஒவ்வொரு கோடையிலும் கீல் பிரிவில் வேர்வை சிந்தியவனாக்கும் தான் என்று ஒரு பீற்றல்.

வாண்டா சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தார். கதவு சத்தமே இல்லாமல் வந்தது.

டெல்மர் திகைத்தார். "இது கத்துற கதவும்மா. போன வாரம் லைல் சார் போட்டோ எடுக்கணும்னு திறந்துவிட்டப்பகூட ஊரைக் கூட்டுச்சு."

வாண்டா கீலைத் தடவினார். விரலில் புது எண்ணெய். "கீலுக்கு எவன் எண்ணெய் போட்டிருப்பான்?"

"கீல் பிரிவுல அது சட்டம். கீல் ஆணியைக் கழட்டிட்டு எண்ணெய் இல்லாம திருப்பி மாட்டினா, மொத்த ஷிஃப்டுக்கும் டோனட் வாங்கித் தரணும். ஒருதடவை தண்டம் அழுதவன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்" என்றார் டெல்மர்.

வாண்டா லைல் பக்கம் திரும்பினார். "சாவி வச்சிருக்கிறவர் பூட்டைத் திறந்து எடுத்துட்டுப் போயிருப்பார். பூட்டைத் தொடாம, கீல் ஆணியைக் கழட்டிக் கதவை எடுக்கிறது சாவி இல்லாதவன் வேலை. எண்ணெய் போட்டு மாட்டினது கீல் பிரிவுல பழகின கை. உள்ள வந்த ரெண்டு பேர்ல அது நீங்கதான் சார். பம்பு எங்க?"

லைலின் முகம் செத்துப்போனது. பம்பு அவர் கார் டிக்கியில், ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டுக்குள் இருந்தது. போட்டோ எடுத்த அன்றுதான் அதன் அடியில் வேறொரு பட்டறையின் முத்திரையைப் பார்த்தாராம். வருகிறவர்களில் ஒருவர் பழைய இயந்திரங்களில் கரைகண்டவர். பார்த்துவிட்டால் மானம் கப்பலேறும், ஆர்டரும் கைநழுவும். திருட்டுப்போனது என்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"அதுக்கு என் தலைதான் கெடைச்சுதா சார்?" என்றார் டெல்மர். குரல் உயரவே இல்லை. லைல் தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பத்து மணிக்கு லைல் விருந்தாளிகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். நிறுவனரான தன் கொள்ளுத்தாத்தா முதலில் பம்பு செய்யவில்லை, ஊரான் பம்பைப் பழுதுபார்த்துத்தான் பிழைப்பைத் தொடங்கினார் என்று. யாரும் முகம் சுளிக்கவில்லை. பம்பைப் புரட்டிப் பார்க்கத்தான் போட்டி.

டெல்மர் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்ல மார்லிஸ், சும்மாதான்" என்று ஆரம்பித்தவர், நிம்மதியில் அழுதுவிட்டார்.