நிறுத்தச் சொல்ல எத்தனை தட்டு?

கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டால் நடுக்கம் நிற்க வேண்டும். நின்றது. பின்னால் டிரெய்லருக்குள்ளிருந்து வந்த தட்டல்தான் நிற்கவில்லை.

புரபசர் அதைக் கேட்காதவர்போல ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டார். அவர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்தவரல்ல. ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் அதன் பூர்வீகம் முழுவதையும் சொல்லி முடிப்பவர் என்பதால், மெக்கானிக் கடைத் தெருவே கூடிக் கொடுத்த பட்டம் அது. கேலிக்கு வைத்த பெயரை அவர் மட்டும் மெய்யென்று நம்பி, கடைப் பலகையிலும் எழுதிவைத்துவிட்டார்.

பக்கத்து இருக்கையில் கைக்குட்டை விரித்து அமர்ந்திருந்தவர் இந்தப் பிக்கப்பின் சொந்தக்காரர், சோபாக்கடை முதலாளி. சும்மா ஓட்டினால் பூப்போலப் போகிற வண்டி, சோபா ஏற்றுகிற மூடிய தகர டிரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் குளிர்சுரம் கண்டதுபோல் உதறுகிறது. பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், நான் காதால் பார்ப்பேன் என்று சொல்லித்தான் புரபசர் வேலையை வாங்கியிருந்தார்.

காது அவருடையதல்ல, தம்பியுடையது. நடுங்குகிற வண்டியின் பின்னால் தம்பியை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது அவருடைய தனி முறை. நடுக்கம் முன்பக்கம் பலமாக இருந்தால் தகரத்தில் ஒரு தட்டு. பின்பக்கம் என்றால் இரண்டு. தம்பிக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: தூங்குமூஞ்சி. சாய ஒரு இடம் கிடைத்தால் போதும், உறங்கிவிடுவான். இன்று ஏறும்போது அவன்தான் கேட்டான்.

"ஏண்ணே, போதும், வண்டிய நிறுத்துன்னு சொல்ல எத்தனை தட்டு?"

"அது உனக்கெதுக்கு? முடிஞ்சா நானே நிறுத்துவேன்."

"அண்ணியும் இதத்தான் சொல்லுது. நீ ஆரம்பிச்சா நிறுத்த வழியே கெடையாதாம்."

சிரித்தபடி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். கதவு காற்றில் அடிக்காமலிருக்க வெளியே கொண்டி போட்டவர் புரபசர். முதலாளி அதற்குப் பிறகுதான் வந்து ஏறினார். தம்பியின் செல்போன் இங்கே டாஷ்போர்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆளில்லாத கிடங்குகளும் ஈரச் சுவர்களும் இருபுறமும் பின்னால் நழுவிப்போக, வைப்பர் ரப்பர் கண்ணாடியை அழுதுகொண்டே துடைக்க, மிதியடிக்குக் கீழிருந்து கிளம்பிய உதறல் முழங்கால் வழியாக ஏறிப் பல்வரிசையில் போய் நிற்க, அதற்கெல்லாம் நடுவே அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றில்லை. இரண்டுமில்லை. மூன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல.

புரபசர் பின்பார்வைக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பேசியது. டிரெய்லரின் பாரம் கொக்கியை அமுக்குகிறது, பின்பக்கம் தாழ்கிறது, சக்கரத்தைச் சுழற்றும் நீள ஷாஃப்ட்டின் கோணம் கெடுகிறது, ஆகவே அதன் மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்திருக்க வேண்டும். சொன்னதெல்லாம் சரி. அத்தனை சரியாக அவர் எதையும் சொன்னதில்லை.

"அது யாரு தட்டுறது?" என்றார் முதலாளி.

அது ஷாஃப்ட்டின் எதிரொலி என்று புரபசர் விளக்கினார்.

"பொக நாத்தம் அடிக்குதே."

மழைக்குப் புகை தாழ்ந்து வரும் என்று அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. ஆனால் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து தம்பி சுவரைத் தட்டுவான். அடுத்த அறையிலிருந்து இவர் ஒரு தட்டு திருப்பித் தட்டினால்தான் தூங்குவான். அம்மா இறந்த வருஷம் அது. இப்போது வருவது அந்தத் தட்டு. அதே அவசரம். அதே விரல்.

முதலாளி கடைக்கண்ணால் பார்த்தார். "என்ன, நீயும் கைவிரிக்கப் போறியா?"

பிரேக்கைத் தொட்ட கால் ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்பியது.

"இன்னும் ஒரே ஒரு சோதனை" என்றார் புரபசர்.

மேட்டில் வண்டி முக்கியது. உதறல் உச்சத்துக்குப் போனது. அடியில் ஏதோ ஒடிந்த சத்தம். தட்டல் அடியாக மாறியது. அடி, பிறகு பிறாண்டல். நகம் தகரத்தில் இழுபடும் சத்தம். பிறகு ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பிறகு மழை மட்டும்.

"தூங்கிட்டான்" என்றார் புரபசர். சிரிக்கவும் செய்தார். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து இறங்கினார். வண்டிக்கடியில் சைலன்சர் குழாய் நடுக்கத்தில் முதலில் விரிசல் கண்டு, பிறகு முற்றும் ஒடிந்து திரும்பிக் கிடந்தது. அதன் வாய், டிரெய்லரின் முன்தகரத்தில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையைப் பார்த்து இன்னும் புகைந்துகொண்டிருந்தது. புகை வந்த வழி தெரிந்துவிட்டது.

கொண்டி நனைந்து வழுக்கியது. திறந்தார்.

புகை முதலில் வெளியே வந்தது. முன்தகரத்தில் சாய்ந்து தம்பி உட்கார்ந்திருந்தான், வழக்கமாக உறங்குகிற மாதிரியே. கன்னம் இரண்டும் சிவந்து, முகத்தில் நல்ல களை. விரல் நுனிகளில் மட்டும் தோல் இல்லை. புரபசர் இருமிக்கொண்டே தவழ்ந்துபோய் அந்தக் கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தார்.

"எழுந்திருடா. முடிஞ்சிருச்சு. நிறுத்திட்டேன்டா."

தகரத்தில் தட்டு கேட்டது.

எஞ்சின் இல்லை. காற்று இல்லை. கைகள் இரண்டும் அவர் மடியில்.

மறுபடி. மூன்று. நாலு. அவசரமாக.

வெளியே முதலாளி மழையில் நின்றுகொண்டு, முதல்முறையாக மரியாதையோடு கேட்டார். "புரபசர்... அது எங்கேருந்து வருதுங்க?"

புரபசர் வலது கையை மெல்ல விடுவித்து, அந்தக் கால வழக்கப்படி, தகரத்தில் ஒரு தட்டு திருப்பித் தட்டினார்.

சத்தம் அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம்.

பிறகு நாலு சுவரும், கூரையும், அவர் உட்கார்ந்திருந்த தரையும் ஒருசேரத் தட்டத் தொடங்கின. டிரெய்லர் நின்ற இடத்திலேயே நடுங்கியது. அந்த நடுக்கத்தில் எல்லாமே அசைந்தன. மடியிலிருந்த தம்பியின் கைகள் மட்டும் அசையவில்லை.