வளைவில் முனகிய வண்டி

வண்டி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. தெருமுனையில் திரும்பும்போது அடித்தொண்டையில் முனகி, இரண்டு முறை உதறிக்கொண்டு, இவாஃபுச்சியின் வாசலில் நின்றது. சோயாப் பாலைக் கட்டியாக்கி விற்கும் தோஃபு கடையின் சின்ன வேன்.

மிசுஹோ இறங்கினாள். சாலையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர். நடுவில் பதித்த குழாய்கள் பீய்ச்சும் ஊற்றுநீரில் பனி கரைந்து, தார் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. குளிர்காலம் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கில் அப்படித்தான். சாலை திறந்திருக்கும், சுவரைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

"சார், நாளைக்கு இதை வித்துடப் போறாராம் மாமா. நான்தான் கெடுத்துட்டேனாம். இனிமே சாவியே தரமாட்டாராம்."

அவள் தோஃபு கடை மருமகள். கணவனுக்கு வெளியூரில் வேலை. விடிகாலை முதல் இருட்டும்வரை சோயாப் பால் ஆவிக்குள் நிற்பவளுக்கு, பொட்டலங்களைக் கொடுத்துவரும் அந்த ஒரு சுற்றுதான் வெளி உலகம். சாவி போனால் அதுவும் போயிற்று.

இவாஃபுச்சி காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக விபத்து வண்டிகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து முடிதிருத்தகத்திலிருந்து கயோ ஓடி வந்தாள். கையில் இன்னும் கத்தரிக்கோல்.

"முன்சக்கரத்து அச்சு மூட்டு போச்சு! திரும்பறப்ப சத்தம்னா அதான். நான் அப்பவே நினைச்சேன்."

"உன் நாற்காலியில யாரோ பாதித் தலையோட உக்காந்திருப்பாங்களே, கயோ."

"அவங்க எங்கயும் போக முடியாது. நீங்க விசாரிங்க."

இவாஃபுச்சி மிசுஹோவிடம் திரும்பினார். "உங்க கடை முற்றம் ஜல்லிதானே? அங்க திருப்பறப்பவும் சத்தம் வருதா?"

அவள் யோசித்தாள். "இல்ல... அங்க வராது. தார் ரோட்டுலதான். சத்தம்கூடப் பரவாயில்ல சார். திரும்பறப்ப யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

"மூட்டு தேய்ஞ்சிருந்தா ஜல்லியிலயும் சத்தம் போடும்" என்றார் அவர் கயோவிடம். அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"திங்கட்கிழமை காலைலேர்ந்து. ஞாயிறு கடை லீவு, நான் வண்டிய எடுக்கல."

"திங்கட்கிழமை ஏறி உக்காந்தப்ப ஏதாவது மாறியிருந்துச்சா? சீட், கண்ணாடி?"

"ஒண்ணும் மாறல. எப்பவும் போலத்தான்."

இவாஃபுச்சி குனிந்து வண்டிக்குள் பார்த்தார். எல்லாவற்றின் மேலும் சோயாமாவு படிந்திருந்தது. வைப்பர் பிடியில் தொங்கிய நீலப் பயணத் தாயத்தின் கயிறு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதை ஒரு விரலால் விலக்கினார், பார்த்தார், மறுபடி தொங்கவிட்டார்.

"கடைக்குப் போவோம்" என்றார். "எல்லாரும் இருக்கணும்."

முற்றத்தில் மாமனார் தொகுஸோ காத்திருந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, நீட்டிய கை. "சாவி" என்றார் மருமகளிடம். வேறு வார்த்தை இல்லை. மாமியார் ஷிகெனோ வாசற்படியில் ஆவிக்கு நடுவே ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

மிசுஹோ கொடுத்தாள். சாவி அவர் பைக்குள் போனது.

"வண்டிக்கு எந்த நோயும் இல்ல" என்றார் இவாஃபுச்சி.

"அப்புறம் எதுக்கு இப்படி அழுவுது?"

"திரும்பறப்ப முன்சக்கரம் ஒரு தூரம் போகும், பின்சக்கரம் வேற தூரம் போகும். இதுல நாலையும் ஒண்ணாப் பூட்டற பட்டன் இருக்கு, பனியில ஏறறதுக்கு. பனியிலயும் ஜல்லியிலயும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார்ல வழுக்க முடியாது. பூட்டினபடியே திரும்பச் சொன்னா முனகாம என்ன பண்ணும்?"

"அதுக்கு விளக்கு எரியுமே!" என்றாள் கயோ.

"எரியுது. தாயத்துக்குப் பின்னால. சாமி கொடுத்ததை யாரு விலக்கிப் பாப்பாங்க?" அவர் நிதானமாகத் தொடர்ந்தார். "அந்தத் தாயத்து புதுசு. மலைக்கோயில் முத்திரை. குழாய்த் தண்ணி நம்ம ஊரோட நின்னுடும். அதுக்கு மேல பனிதான். பழையதைக் கோயில்ல திருப்பிக் கொடுத்துட்டுப் புதுசு வாங்க ஞாயித்துக்கிழமை யாரோ ஏறியிருக்காங்க. அதுக்காகப் பூட்டினது, இறங்கினப்புறம் எடுக்கல."

"யாரு?" தொகுஸோவின் கழுத்து சிவந்தது.

மிசுஹோ வண்டியைப் பார்த்தாள். சீட் மாறவில்லை. அதில் மாமா உட்கார்ந்திருந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். கணவனுக்கும் அப்படித்தான். அவளுடைய உயரத்தில் இந்த வீட்டில் இன்னும் ஒரே ஒருவர்தான்.

"நான்தான் போனேன், மாமா" என்றாள்.

"அப்படியா?" என்றார் இவாஃபுச்சி மெதுவாக. "பட்டன் எங்க இருக்கு, காட்டுங்க."

அவள் கண்கள் வண்டிக்குள் தேடின. கை எழவில்லை.

"ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், கீழ" என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல்.

ஷிகெனோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவளை விடுங்க. நீங்க வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருந்தப்ப நான்தான் போனேன்."

"நீயா? வண்டியா?"

"லைசன்ஸ் இருக்கே. ஒரு அபராதம் கிடையாது, தப்பே பண்ணாதவங்களுக்குத் தர்ற தங்கக் கோடு போட்டது. போலீஸ்காரனே பாராட்டுவான். ஓட்ட விட்டாத்தானே தப்புப் பண்றதுக்கு!"

கயோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாயத்து சாக்குதான்" என்றாள் ஷிகெனோ, மருமகளைப் பார்த்து. "இந்தச் சுவருக்கு மேல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது பாக்கணும்னு இருந்துச்சு. பட்டனை மறந்தது என் தப்பு. நீ திட்டு வாங்கினப்ப வாய்மூடி நின்னது அதவிடத் தப்பு."

தொகுஸோ பைக்குள் சாவியை இறுகப் பிடித்தார். "சாவி எங்கிட்ட இருக்கு. நாளைக்கு வண்டி போகுது."

"நல்லா ஓடற வண்டிய எதுக்கு விக்கறது?" ஷிகெனோ வாசற்படியோரம் இருந்த சோயாமாவு டப்பாவுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி, மாவு அப்பிய மாற்றுச் சாவி ஒன்றை எடுத்தாள்.

"அது தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னியே!"

"தொலையட்டும்னுதான் சொன்னேன்."

ஷிகெனோ ஏறி உட்கார்ந்து அந்தச் சாவியைத் திருக, இவாஃபுச்சி குனிந்து பட்டனை அழுத்தினார். தாயத்துக்குப் பின்னால் வெளிச்சம் அணைந்தது.

"வா" என்றாள் ஷிகெனோ. மிசுஹோ மறுபக்கம் ஏறினாள். வண்டி ஜல்லியைக் கடந்து தாருக்கு வந்தது. பனிச்சுவர்களுக்கு நடுவே முதல் வளைவில் சத்தமில்லாமல் திரும்பியது. மாமியார் சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.