பரிவு நரம்பு

மேலூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஜாய்ஸ் சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது, சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த மெர்வினின் கையில் முடி குத்திட்டு நின்றது. பரவை மார்க்கெட்டின் அழுகிய தக்காளி வாடையோடு மே மாத வெக்கை சுவர்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி இன்னும் தொட முடியாதபடி சுட்டது. இதில் என்ன குளிர்?

"வந்துட்டேங்க," என்றாள். குரல் அவளுடையதுதான்.

மெர்வின் மிஷன் ஸ்கூலில் உயிரியல் வாத்தியார். பயந்தவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். வேப்பிலை அடிப்பவனும் ஜெபத்தண்ணீர் தெளிப்பவனும் அவனுக்கு ஒரே ரக முட்டாள்கள். முடி நிற்பது குரங்கு விட்டுப்போன மிச்சம், அவ்வளவுதான். வகுப்பில் ஒருமுறை சத்யப்ரியா என்ற பெண், "பரிவுன்னா இரக்கம்தானே சார்? நெஞ்சைப் படபடக்க வைக்கிற நரம்புக்கு ஏன் பரிவு நரம்புன்னு பேரு?" என்று கேட்டாள். "உன் மேல இரக்கப்பட்டுத்தாம்மா" என்று நக்கலடித்து வகுப்பையே சிரிக்க வைத்தான்.

ஜாய்ஸ் கூடத்தில் உட்கார்ந்தாள். அவன் இதயம் காதுக்குள் இடித்தது. டீயை வாயில் வைத்தான். நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, விழுங்க முடியவில்லை. வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்தால், அத்தனை வெளிச்சத்திலும் கண்ணின் பாவை அகலத் திறந்து கிடந்தது. மனசில் பயமே இல்லை. உடம்புக்கு மட்டும் என்ன கேடு? கோழை உடம்பு. கட்டின பொண்டாட்டியைப் பார்த்து நடுங்குகிற உடம்பு. அவனுக்கு அதன் மேல் அருவருப்பாக இருந்தது.

படபடப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டான்.

"என்னங்க, இம்புட்டு வேர்க்குது? இங்க வந்து உக்காருங்க."

"பிரஷர்தான். அடங்கிரும்."

அடங்கியது. வெளியே வெளிச்சம் குறையக் குறைய, திட்டு வாங்கிய பையன் மாதிரி இதயம் மெல்ல வழிக்கு வந்தது. ஜெயித்துவிட்ட திமிரோடு போய் அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"இங்க பாரு, ஒரு வேடிக்கை காட்டுறேன்."

செல்போன் டார்ச்சை அவள் கண்ணில் அடித்தான். வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கும். உயிருள்ள எதற்கும் சுருங்கும்.

சுருங்கவில்லை.

பெரிதானது. சுற்றியிருந்த பழுப்பைத் தின்றது. பிறகு வெள்ளையை.

இப்போது பயந்தான். முழு மனசாக. ஓட வேண்டும். கால் எழவில்லை. மாத்திரை அடக்கிய நெஞ்சு படபடக்கவில்லை, தூங்குகிறவனுக்கு அடிப்பதுபோல் நிதானமாக அடித்தது.

அவள் குனிந்து அவன் மார்பில் காதை வைத்தாள்.

"இப்பத்தாங்க ஒழுங்கா இருக்கு," என்று சொன்ன வாய், சொல்லி முடித்த பிறகும் திறந்துகொண்டே போனது.