எட்டு நிமிடத்தில் காலி

காலை ஒன்பது மணிக்கு நான் ஸ்டேடியத்துக்குள் நுழைந்தபோது, வாசல் மின்பலகையில் 'விபத்தில்லாத நாட்கள்: 412' என்று பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. தினமும் அதில் ஒன்று கூட்டி வைப்பது என் வேலை. நான் இங்கே பாதுகாப்பு அதிகாரி. பாதுகாப்பு என்றால் மனிதர்களுக்கு என்று நினைத்துக்கொள்பவர்கள் வெள்ளந்திகள். அந்த எண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

இன்னும் இரண்டு மாதத்தில் முப்பத்திரண்டு நாட்டுக்காரர்கள் இங்கே பந்து உதைக்க வருகிறார்கள். அதற்காக மூன்று வருடமாக கான்கிரீட் கொட்டுகிறோம். முக்கியப் பிரமுகர்கள் உட்காரும் அறையில் சோபாவின் நிறம் பிடிக்கவில்லை என்று மூன்று முறை மாற்றினார்கள். வேலையாட்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது இரண்டாவது வருடம். ஏற்பாட்டுக் குழுவின் தலைவருக்கு ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'ரிப்பன்'. எதைக் கட்டி முடித்தாலும் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார். ஒரு முறை கழிப்பறைக்கு ரிப்பன் வெட்டினார். பத்துப் பேர் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அன்றைக்கு வெளியேற்ற ஒத்திகை. மேல் கேலரியில் மூவாயிரம் பேரை உட்கார வைத்து அபாயச் சங்கு ஊத வேண்டும். எட்டு நிமிடத்துக்குள் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியே போய்விட்டால் அரையிறுதி ஆட்டம் நமக்கு. இல்லாவிட்டால் வேறு ஊருக்கு. அதைப் பார்க்க உலகக் கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச். இன்னொருவர் எதற்கென்று தெரியவில்லை, எது சொன்னாலும் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர்.

மூவாயிரம் பேரை பஸ் டிப்போ, நர்சிங் கல்லூரி, தையல் கம்பெனி என்று வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளை டி-ஷர்ட், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். டி-ஷர்ட் எல்லாம் ஒரே அளவு. ஒல்லியானவர்கள் மூட்டைக்குள் நுழைந்தமாதிரி நடந்தார்கள்.

அந்த வரிசையில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணா, பேயைப் பார்த்தமாதிரி முழிக்கிற?" என்றாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"எங்க கம்பெனியில எல்லாரையும் அனுப்புனாங்க. அவர் வேலை பார்த்த இடத்தை நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேனே." டி-ஷர்ட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "நாலு மாசமாச்சு. இன்னும் ஆறலைண்ணா எனக்கு. தெருவுல நாய் குறுக்க வந்தாக்கூட நின்னு வழிவிடுற மனுஷன். அன்னைக்கு மட்டும் ரோட்டைப் பார்க்காம அப்படி என்ன அவசரம்? தூக்கத்துல எந்திரிச்சு உட்கார்ந்து அவரைத்தான் திட்டுறேன்."

அவள் தன் வரிசையோடு படியேறிப் போனாள்.

அவள் புருஷன் ரோட்டில் சாகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்காலி பொருத்தும் வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். மேல் கேலரியின் முதல் வரிசையில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடித் தடுப்பு இன்னும் வந்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக சிவப்பு வெள்ளைப் பிளாஸ்டிக் டேப் கட்டியிருந்தோம். அது போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அந்த டேப்பையும் இழுத்துக்கொண்டு கீழ் கேலரியின் கான்கிரீட்டில் விழுந்தார். நான் ஓடிப்போனபோது மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. மறுநாள் சம்மேளனத்திலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. ரிப்பனுக்குப் போன் போட்டேன்.

"உள்ள ஆம்புலன்ஸ் வரக் கூடாது. கேட்டுக்கு வெளிய கொண்டு போயிடுங்க," என்றார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். மெல்லும் சத்தம் கேட்டது.

ஒரு கதவுப் பலகையில் போட்டு நாலு பேர் தூக்கினோம். சுரங்கவழி, கார் நிறுத்துமிடம், சரக்கு கேட், அதற்கப்புறம் ரோடு. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்திருக்க முடியும். "மச்சான், இங்கேயே வைங்க. முதுகை அசைக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் "கொஞ்ச தூரந்தான் மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ரோட்டோரம் இறக்கி, ஹெல்மெட்டையும் மஞ்சள் கோட்டையும் கழற்றினோம். அப்போது மூச்சில்லை. அடையாளம் தெரியாத வண்டி மோதியது என்று எழுதினார்கள். மறுநாள் காலை நான் பலகையில் ஒன்று கூட்டி வைத்தேன். கண்ணாடித் தடுப்பும் அன்றைக்கே வந்து சேர்ந்தது.

பதினொரு மணிக்கு ஒத்திகைச் சங்கு ஊதியது.

நான் மேல் கேலரியின் நடுப்படியில் நின்றிருந்தேன். மூவாயிரம் பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு, பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் எழ எழ நாற்காலிகள் டப்டப்பென்று மடிந்து நிமிர்ந்தன. ஆள் எழுந்ததும் ஸ்பிரிங் இழுத்துத் தானாக மடியும் நாற்காலிகள் அவை. காலடிச் சத்தம் படிகளில் இறங்கி, சுரங்கவழிக்குள் நுழைந்து, தூரத்தில் தேய்ந்தது. ஐந்தரை நிமிடம். எனக்கே பெருமையாக இருந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. கண்ட்ரோல் ரூமில் கேமராத் திரைகளைப் பார்க்கும் ஆபரேட்டர்.

"சார், முதல் வரிசையில ரெண்டு பேர் இன்னும் உட்கார்ந்திருக்காங்க."

நான் திரும்பினேன்.

ஒருத்திதான் இருந்தாள். என் தங்கை.

சுள்ளென்ற வெயில். புல்தரையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அவளை நோக்கி இறங்க இறங்க, புதுப் பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை வந்தது. போல்ட்டுக்குத் தடவும் கிரீஸ். நாலு மாதமாக அங்கே யாரும் போல்ட் முடுக்கவில்லை.

"எந்திரி. எல்லாரும் போயாச்சு," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இவரு வர மாட்டேங்கிறாரு அண்ணா."

"யாரு?"

பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி நாற்காலி.

அது மடியாமல் இருந்தது.

மூவாயிரம் நாற்காலியும் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் ஆள் உட்கார்ந்தமாதிரி விரிந்து கிடந்தது. ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எந்தக் கழுதையாவது மட்டமான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டிருக்கும். குனிந்து அடியில் கை கொடுத்து மேலே தள்ளினேன்.

கனத்தது.

இன்னும் அழுத்தித் தள்ளினேன். மெதுவாக, நோகாமல், அது என் கையைக் கீழே அமுக்கியது. பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடு இல்லை அது. உடம்புச் சூடு.

"தள்ளாதேண்ணா," என்று கிசுகிசுத்தாள். "முதுகை அசைக்கக் கூடாதாம். இங்கேயே வைங்கன்னு கெஞ்சுறாரு."

அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

"ஆறே முக்கால் நிமிஷம்!" வாக்கி-டாக்கியில் ரிப்பன் அலறினார். "அங்க என்னய்யா கொஞ்சிக்கிட்டு நிக்கிற? தரதரன்னு இழுத்துட்டு வா!"

"இங்கதான் விழுந்தேங்கிறாரு," என்றாள் அவள். இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரோட்டுலன்னு நீதானே சொன்னே?"

'யாரும் இல்லம்மா, உனக்கு வெயில் ஒத்துக்கல' என்று சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நாலு மாதம் வாய் கூசாமல் சொன்ன பொய்தான். இன்னொரு தடவை சொல்வதற்கு என்ன? வாயைத் திறந்தேன். அந்த நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. உட்கார்ந்திருப்பவர் கேட்பதற்காகத் திரும்பினால் வருமே, அந்தச் சத்தம்.

சொல்லிவிட்டேன். டேப்பில் ஆரம்பித்து ரோட்டோரம்வரை ஒன்று விடாமல். சொல்லி முடித்த பிறகுதான், வாக்கி-டாக்கியின் பொத்தானை என் விரல் அழுத்திப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். கேட்டுகள், கண்ட்ரோல் ரூம், ரிப்பன், சம்மேளனத்துக்காரர்கள், மொழிபெயர்ப்பாளர், அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள்.

விரலை எடுத்தேன்.

பிறகு மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொல்வது கேட்டது. கடிகாரம் பிடித்தவர் ஏதோ கேட்டார். ரிப்பன் நம் மொழியில் உரக்கச் சொன்னார்: "ஒரு பொண்ணுக்கு மயக்கம், அதைக் கணக்குல எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க!" மறுபடி ஏதோ பேச்சு. அப்புறம் கைதட்டல். அஞ்சு நிமிஷம் நாற்பது செகண்ட், தேறிவிட்டோம், அரையிறுதி நமக்குத்தான். எந்த உண்மை வெளியே வந்துவிடும் என்று நாலு மாதம் தூக்கம் கெட்டுக் கிடந்தேனோ, அது வெளியே வந்தது, ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் பதர்களுக்குப் பயந்துதான் நான் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

தங்கை அழவில்லை.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"எது?"

"தூக்கிட்டுப் போனது."

"நானூறு மீட்டர் இருக்கும்."

"பேசிக்கிட்டே வந்தாரா?"

"ஆமா."

"உன்னைத் திட்டுனாரா?"

"இல்லம்மா."

"திட்ட மாட்டாரு. நாலு மாசமா நான்தான் அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்." எழுந்தாள். அவள் நாற்காலி டப்பென்று மடிந்தது. "இனிமே என் வீட்டுப் படி ஏறாதே."

பக்கத்து நாற்காலியின் மேல் குனிந்து, முதுகுக்கு அடியில் கை கொடுப்பதுபோல் கையை வளைத்தாள். மிக மெதுவாக நிமிர்ந்தாள். இத்தனை நேரம் அசையாத நாற்காலி, சத்தமே இல்லாமல் மடிந்தது. ஒரு படிக்கு ஒரு முறை நின்று, பக்கத்தில் இடம் விட்டு, யாருக்கோ காத்திருந்து காத்திருந்து அவள் வாசலுக்குப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூறு பேர் தூக்கினாலும் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்தேன். தங்கை போய்விட்டாள், இனி வர மாட்டாள். ஆனால் மாப்பிள்ளை அவளோடு போய்விட்டார், இனி இங்கே ஒன்றும் இல்லை என்று, வெட்கம்கெட்ட மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி விரிந்திருந்தது.

காற்று இல்லை. புயலே அடித்தாலும் அந்த ஸ்பிரிங் கீழே வராது.

ஏழாவது வரிசையில் ஒன்று. அதே வரிசையில் தள்ளி இன்னொன்று. கூரைக்கு அடியில், கடைசி வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் மூன்று.

நான் பகல் ஷிஃப்ட். இரவு ஷிஃப்டுக்கு வேறு அதிகாரி. கூரை வேலைக்கு வேறு கம்பெனி, அவர்களுக்கு வேறு கேட். அங்கே யாராவது விழுந்தார்களா என்று நான் யாரையும் கேட்டதில்லை. அவர்களும் என்னைக் கேட்டதில்லை. காலையில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வோம்.

டக். டக்.

நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாலு வரை எண்ணினேன்.

வாக்கி-டாக்கியில் ரிப்பனின் குரல் உற்சாகமாக வந்தது. "மேல் கேலரி மொத்தமும் காலிதானே? சொல்லுய்யா, சான்றிதழ்ல எழுதணும்."

நான் பதில் சொல்வதற்குள் ஆபரேட்டரின் குரல் குறுக்கிட்டது. அவன் வாய் குழறியது.

"சார்... திரும்பவும் இத்தனை பேரை யார் சார் உள்ள விட்டது?"

என் இடது பக்கத்து நாற்காலி மெதுவாக விரிந்தது.