பெடலை விடாத கால்

ஷட்டரை இடுப்பளவு தூக்கிக் குனிந்து நுழைந்தபோது கார் ஷெட்டின் பின்சுவர் சிவந்திருந்தது. முந்தின நாள் பூட்டிய வண்டி, சாவி அவன் சட்டைப் பையில், உள்ளே ஈ காக்கை இல்லை. ஆனால் பிரேக் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டு, ஈரச் சிமெண்டு வாடையும் பழைய பெட்ரோல் வாடையும் கலந்த அந்த இருட்டில், வெள்ளைச் சுவரைக் காய்ச்சல்காரன் கண் மாதிரி ஆக்கி வைத்திருந்தன.

அவன் பயப்படவில்லை. பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். எந்தச் சரக்கில் சொட்டை கண்டாலும் அவர்களுக்கு முதலில் வருவது சந்தோஷம்தான், விலையைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று. வாங்கி முடித்த பிறகு தெரிகிற சொட்டையை என்ன செய்வது என்று மட்டும் அந்தப் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

வண்டி ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, தரையோடு ஒட்டின உடம்பு, முன்விளக்கு கண்ணைத் திறந்து மூடுகிற ரகம். அவன் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘சின்ன வீடு’. ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் அங்கேதான் கிடக்கிறார் என்பது அவள் புகார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தான். வாயை மூடவே மூடாத ஆள் என்பதால் ஊரே அவரைச் சைலன்சர் என்று கூப்பிட்டது.

“பெடல் தண்டுல நகம் சைசுக்கு ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும் சார். அந்தக் காலத்து ஜப்பான் வண்டி எல்லாத்துக்கும் இதே வியாதிதான். வயசானா பொத்தான் பொடிஞ்சிடும். அது போனா சுவிட்சு ஓட்டைக்குள்ள நுழைஞ்சிடும். நீங்க பிரேக் மிதிக்கிறதா நினைச்சுக்கிட்டு வண்டி பாட்டுக்கு விளக்கைப் போட்டு வைக்கும். கீழ கால் வைக்கிற மேட்டைப் பாருங்க, பொடி கிடக்கும்.”

கிடந்தது. பச்சை நிறத்தில், பிஸ்கட் தூள் மாதிரி. தலைகீழாகத் தொங்கி, ஓட்டையில் ஒரு சின்ன போல்ட்டைப் போட்டு முடுக்கினான். சுவர் வெளுத்தது.

மறுநாள் காலையில் மறுபடி சிவந்திருந்தது.

போல்ட் போட்ட இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக் கதவைத் திறந்தான். திறந்த அந்த நொடியில், பெடல் தானாக மேலே வந்தது. ஸ்பிரிங் இழுத்தால் சட்டென்று வரும். இது அப்படி வரவில்லை. தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் ஒருவர் காலை எடுப்பதுபோல, மெதுவாக, பார்த்துப் பார்த்து வந்தது. சுவர் அணைந்தது.

ஸ்பிரிங் பழசு என்று சொல்லிக்கொண்டான். சொன்னதை அவன் காதே சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசிக்குள் பெடல் பஞ்சாகிவிட்டது. மிதித்தால் பாதி தூரம் சும்மா போய், பிறகுதான் பிடித்தது. எங்கேயும் ஒழுகல் இல்லை.

“லைன்ல காத்து சார்,” என்றார் சைலன்சர். “நாலு சக்கரத்துலயும் ப்ளீட் பண்ணிடுங்க. ஆனா ஒண்ணு, இவ்வளவு சீக்கிரம் பெடல் இறங்கக்கூடாதே. டிராபிக்ல மாட்டின டாக்ஸிக்காரன் மாதிரி ராத்திரி பூரா யாராவது மிதிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காங்களா?” சிரித்தார். இவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

திங்கட்கிழமை மகள் குட்டிக்குப் புதுப் பள்ளிக்கூடம். அப்பா வண்டியில்தான் போவேன் என்று அடம் பிடித்து, ஒரு வாரமாக அந்தப் பக்கத்து சீட்டிலேயே ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். பிரேக் இல்லாத வண்டியில் பெற்ற பெண்ணை ஏற்ற முடியாது. ஆகவே ஞாயிறு மத்தியானம், மழை ஷட்டரில் ஆணி கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருக்க, வண்டியை நாலு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினான்.

ப்ளீட் பண்ண இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு சேர்ந்து காற்று குமிழ் குமிழாக டியூபில் வெளியேறுவதைப் பார்த்து, மூட வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் போன காற்றெல்லாம் திரும்ப வந்து குடியேறிவிடும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான் எல்லாம். தனியாளாகச் செய்ய ஒரு பம்பு விற்கிறது. வீட்டிலேயே ஒரு கால் சும்மா இருக்கும்போது அதை வாங்குவானேன் என்று மனைவியைக் கூப்பிட்டான்.

“கடைசியில சின்ன வீட்டுக்கு என்னையே வேலைக்காரி ஆக்கிட்டீங்க,” என்று அவள் டிரைவர் சீட்டில் இறங்கினாள். பக்கத்து சீட்டில் குட்டி ஏறிக்கொண்டு, டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள்.

“நான் ‘அழுத்து’ன்னா அழுத்திட்டு ‘பிடிச்சேன்’னு சொல்லணும். ‘விடு’ன்னா விட்டுட்டு ‘விட்டேன்’னு சொல்லணும். நான் சொல்லாம காலை எடுக்கக்கூடாது.”

“கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே பண்றேன்.”

எப்போதும் தூரத்துச் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பின்னால் இடது பக்கம் படுத்தான்.

“அழுத்து.”

“பிடிச்சேன், மகாராஜா.”

குமிழ்கள் வந்தன. மூடினான்.

“விடு.”

“விட்டேன். கால் வலிச்சா யார் பிடிச்சு விடுவாங்க?”

பின்னால் வலது பக்கம் நிப்பிள் துருவேறி அசைய மறுத்தது. சுத்தியலால் தட்டினான், எண்ணெய் விட்டான், மறுபடி தட்டினான். ஷெட் முழுக்க மணியடித்தது. ஒருவழியாக அசைந்தது.

“அழுத்து.”

“பிடிச்சேன்.”

“விடு.”

“விட்டேன்.”

கேலி நின்றுபோயிருந்தது. அலுத்துவிட்டாள் போல. முன்னால் இடது பக்கத்துக்குப் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தான். பழைய ஓனர் ஒட்டின கறுப்புப் படலத்துக்குப் பின்னால், உள்பக்கம் மூச்சு படர்ந்து கண்ணாடி முழுக்க வெளுத்துக் கிடந்தது. குட்டி யாரிடமோ பேசுவதுபோல் மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். மழையில் வார்த்தை பிடிபடவில்லை.

“இன்னும் ரெண்டே ரெண்டு. முடிஞ்சதும் உனக்குப் புதுச் செருப்பு,” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தான்.

அவள் பதில் சொல்லவில்லை. செருப்பென்றால் பதில் சொல்லாமல் இருக்கிறவள் இல்லை.

“அழுத்து.”

“பிடிச்சேன்.”

அந்தச் சக்கரமும் முடிந்தது. மிச்சம் டிரைவர் பக்கத்து முன்சக்கரம். அதன் நிப்பிள் உள்பக்கம் பார்த்திருந்ததால் பானட்டுக்குக் கீழே மல்லாக்க நுழைந்து, தோள்வரை உள்ளே போனான். இப்போது பெடல் அவன் தலைக்கு மேலே, ஒரு தகரத் தளத்துக்கு அப்பால். வண்டியின் நீளம் முழுக்கக் கீழாகப் பார்த்தால் பின்சுவரின் அடி தெரிந்தது. ஸ்பானரை நிப்பிளில் மாட்டினான். வாயைத் திறந்தான்.

“பிடிச்சேன்.”

அவன் இன்னும் சொல்லவில்லை.

பின்சுவரின் அடி சிவந்தது.

ஸ்பானர் கையிலேயே நின்றது. அவசரக்காரி என்று நினைக்கப் பார்த்தான். மேலே தகரத்தில் ஏதோ மெல்ல உரசியது. குதிகால் உரசுகிற சத்தம்தான். ஆனால் உரசின இடத்திலிருந்து ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, தகரத்தின் மூட்டு வழியாக அவன் நெற்றியில் விழுந்தது. எண்ணெய் இல்லை. தண்ணீர். குளிர்ந்த, கிணற்றடி வாடை அடிக்கிற தண்ணீர்.

நெஞ்சில் போன் அதிர்ந்தது. மனைவி. மேலே உட்கார்ந்துகொண்டே போன் செய்கிறாளே என்று காதில் வைத்தான்.

“இன்னுமா முடியலை?” பின்னால் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. “அக்கா போன் பண்ணினா, மாடிக்கு வந்துட்டேன். எவ்வளவு நேரமாச்சு. சரி, வரட்டுமா?”

“நீ எப்ப போனே?” என்று கிசுகிசுத்தான்.

“நீங்கதானே போகச் சொன்னீங்க. சுத்தியல்ல தட்டிக்கிட்டிருந்தப்ப கேட்டேன், ‘போ, நான் பாத்துக்கறேன்’னு சொன்னீங்களே. குட்டி உங்ககூடத்தானே இருக்கா?”

அவன் போனை நெஞ்சில் கவிழ்த்தான்.

மழை தணிந்திருந்தது. இப்போது உள்ளே குட்டி பேசுவது தெளிவாகக் கேட்டது.

“நீங்க எப்ப இறங்குவீங்க?”

சீட்டின் ஸ்பிரிங் மட்டும் ஒரு முறை முனகியது.

“இறங்கவே மாட்டீங்களா?”

அப்போதுதான் அவனுக்குப் பழைய ஓனர் ஞாபகம் வந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து வண்டியை எடுக்கிற நேரத்தில், அந்த மனுஷர் டிரைவர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, பெரியவங்க யாரோ இறங்குவதற்குக் காத்திருப்பதுபோல் ஒதுங்கி நின்றார். ரொம்ப நேரம். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். காற்றோட்டத்துக்கு என்றார். அரை நாள் அடித்துப் பேசி விலையை முறித்த மிதப்பில் இவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதுகைத் தேய்த்து ஒரு சாண் வெளியே நகர்ந்தான்.

“விடச் சொல்லலையே,” என்றது மேலே. மனைவியின் குரல். அவள் குரலேதான், சிரிப்பைக் கழித்த மாதிரி.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவன் காதோரம் ஸ்டாண்டின் கால் சிமெண்டில் கிறீச்சிட்டது.

அசையாமல் கிடந்தான். பிரேக் டிஸ்க்கின் விளிம்பு அவன் தொண்டைக்கு நேர் மேலே. வண்டி விழுந்தால் விழட்டும். ஆனால் குட்டி உள்ளே. கத்தினால் அவள் பயப்படுவாள். பயந்தால் அழுவாள். அழுதால், அது திரும்பி அவளைப் பார்க்கும்.

அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். குரலைக் கடையில் உட்கார்ந்திருப்பதுபோல் வைத்துக்கொண்டான்.

“இங்க பாருங்க. வண்டியை நீங்களே வெச்சுக்குங்க. நான் தொடமாட்டேன், விக்கமாட்டேன். ஷட்டரை இறக்கிப் பூட்டிடறேன். யாரும் வந்து கதவைத் திறக்கமாட்டாங்க. என் பொண்ணை மட்டும் இறக்கி அனுப்பிடுங்க.”

“சரி.”

அவ்வளவுதான். முதல் வார்த்தைக்கே. ஒரு முனகல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. பேசி முடிக்குமுன் தலையாட்டுகிற ஆள் தனக்கு வேண்டியதை ஏற்கெனவே எடுத்து மடியில் கட்டிக்கொண்ட ஆள் என்பது அவன் குடும்பத்தில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதை நினைக்க அவனால் முடியவில்லை.

இடது பக்கக் கதவு திறந்தது.

வண்டிக்குக் கீழாகப் பார்த்தான். முதலில் ஒரு சின்னப் பாதம் தரையைத் தொட்டது. பிறகு இன்னொன்று. வெறுங்கால். விரல்கள் அவன் பக்கம் திரும்பி நின்றன.

முதுகுத் தோல் கிழிய அந்தப் பக்கம் நகர்ந்தான். ஸ்டாண்டு அசையவில்லை. யாரும் தடுக்கவில்லை. வெளியே உருண்டு, முழங்காலிட்டு, அவளை அள்ளினான். கைகள் அவன் கழுத்தைச் சுற்றின. கால்கள் இடுப்பைச் சுற்றின. முகம் தோளில் புதைந்தது. பாதம் ஈரம். உடம்பு குளிர்ந்திருந்தது. மழை. மழையால்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஷட்டரை நோக்கி நடந்தான். இடுப்பளவு வெளிச்சம். இன்னும் கொஞ்சம்.

“அப்பா.”

பின்னாலிருந்து. டிரைவர் சீட்டிலிருந்து.

“அப்பா, எங்க போறே? கால் வலிக்குதுப்பா. இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

அவன் நின்றான்.

தோளில் இருந்தது மூச்சு விடவில்லை. அவன் இடுப்பில் ஒட்டியிருந்த சின்னப் பாதம் மட்டும், பெடலை மிதிப்பதுபோல், மெல்ல அழுந்த ஆரம்பித்தது. அடிவரை போயிற்று. அங்கேயே பிடித்துக்கொண்டது.