மூன்று மணி மூச்சு

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மதியம் மூன்று மணிக்கு யாரோ மூச்சு விடுவார்கள்.

சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தவள்தான்.

அந்தச் சந்தின் கடைசி அறையில்தான் என் தோழி பட்டாணி இருக்கிறாள். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவள் பட்டாணி. வாய் ஓயாது என்பதால் நான் ரேடியோ. எங்களுக்கு வேறு பெயர்களும் உண்டு. ஆனால் அவை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கின்றன.

சந்துக்கு இரண்டு பக்கமும் நான்கு மாடிக் கட்டடங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கும். நடுவில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மழைத்தண்ணீர் விழாமலிருக்க, மேலே பச்சை பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருந்தார்கள். அதனால் நட்டநடு மதியத்திலும் சந்துக்குள் குளத்தின் அடியில் இருப்பது போல ஒரு பச்சை வெளிச்சம்தான்.

விடுமுறை தொடங்கிய முதல் வாரம். கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டாணியைப் பார்க்கப் போனேன். பாதிச் சந்து தாண்டியிருப்பேன்.

"ஹூம்ம்ம்ம்..."

என் பின்கழுத்தில் யாரோ சூடாக ஊதினார்கள். தலைமுடி பறந்து முகத்தில் விழுந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. சுவர், குழாய், மறுபடி சுவர்.

தரையைப் பார்த்தேன். ஈரமாக ஒரு வட்டம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. ஒற்றைக்கால் உள்ள யாரோ நடந்து போன தடம் மாதிரி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று சுருங்கிக் காணாமல் போனது.

நான் ஓடினேன். பட்டாணி வீட்டுக்கு இல்லை, என் வீட்டுக்கு. அவ்வளவு தைரியசாலி நான்!

முதல் மாடியில் என் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, ஏசியைப் பதினெட்டில் வைத்து, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த ஏசி புதுசு. ஒரு வாரம் முழுக்கக் காய்கறியைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்துப் போராட்டம் நடத்தி, அப்பாவிடம் வாங்கியது. போர்வையைத் தாண்டி வரப் பேய்களுக்குத் தெரியாது என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

மறுநாள் காலையில், மூச்சு இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ப் பட்டாணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றாள். "வா, ஒண்ணு காட்டறேன்."

அவர்கள் வீடு ஒரே அறைதான். ஜன்னல் விளிம்பில், கரண்ட் போனால் ஏற்றுவதற்காக ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். யாரும் அதை ஏற்றவே இல்லை. திரிகூட வெள்ளையாக இருந்தது. ஆனால் மெழுகுவர்த்தி தலை குனிந்து, ஜன்னலுக்கு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கை ரோமம் சிலிர்த்துக்கொண்டது.

"போன வருஷம் எங்க வாசல் தண்ணி மீட்டர் வரைக்கும்தான் வரும். இந்த வருஷம் பாதிச் சந்து வரைக்கும் வந்துடுச்சு. அது வளருது, ரேடியோ," என்றாள் பட்டாணி. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் இப்படித்தான் பேசுவாள்.

தெருப்பூனை ஒன்று உண்டு. எல்லா வீட்டையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அதுகூட இப்போதெல்லாம் சந்துக்குள் வருவதில்லை. வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்து முறைக்கும், அவ்வளவுதான்.

அப்போது தொட்டிலில் பொட்டு அழுதாள். பட்டாணியின் தங்கை, பிறந்து மூன்று மாதம். கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு.

"மூணு மணி ஆச்சுன்னா இவ தூங்கறதே இல்லம்மா," என்றார் பட்டாணியின் அம்மா, விசிறிக்கொண்டே. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "போன வாரம் ரெண்டு தடவை ஜுரம். இந்தச் சூட்டுல குழந்தைய வெச்சிருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை எங்க அக்கா ஊருக்குப் போறோம்."

"எப்ப வருவீங்க அத்தை?"

அத்தை விசிறியைக் கை மாற்றிக்கொண்டார். பட்டாணி மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூலும் அங்கதான்," என்றாள்.

ரேடியோ அன்றைக்குத்தான் முதல் தடவையாக நின்று போனது. என் வகுப்பில் நான் பேசுவதை முழுக்கக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

சரி, பேயை விரட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். விரட்ட வேண்டுமென்றால் முதலில் அது எதுவரை வருகிறது என்று தெரிய வேண்டாமா? ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டேன். தினமும் மூன்று மணிக்குச் சந்து வாசல் கேட் பக்கமிருந்து மெல்ல நடப்பேன். முகத்தில் சூடு அடிக்கும் இடத்தில் தரையில் ஒரு கோடு. உடனே ஓட்டம். அறை, ஏசி, போர்வை. பயம் கூடக் கூட எனக்கு வியர்த்தது. வியர்க்க வியர்க்க ஏசியைப் பதினேழாக்கினேன், அப்புறம் பதினாறு.

என் சாக்பீஸ் கோடுகள் ஒவ்வொரு நாளும் கேட்டை நோக்கி நகர்ந்தன. வெள்ளிக்கிழமைக் கோடு கேட்டுக்கு வெளியே, தெருவில் விழுந்தது.

சனிக்கிழமை. இன்னும் இரண்டே நாள். அன்றைக்கு ஓடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்தால் ஜில்லென்று இருக்கட்டும் என்று ஏசியை மட்டும் ஓடவிட்டுவிட்டு இறங்கினேன். தைரியத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

சந்துக்குள் போனேன். சூடு முகத்தில் அறைந்தது. நாலாபுறமும் "ஹூம்ம்ம்ம்". ஈரத் தடங்கள் எனக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. சொட்... சொட்... யாரும் நடக்கவில்லை. தடம் மட்டும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பட்டாணியின் ஜன்னல்வரை போய்விட்டேன். உள்ளே பொட்டு வீறிட்டு அழுதாள்.

"டப்!"

மூச்சு நின்றுவிட்டது.

அந்த அமைதி இருக்கிறதே, அது மூச்சைவிடப் பயமாக இருந்தது. பேய் என்னைப் பார்த்துவிட்டதோ? அதனால்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ?

மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஐயய்யோ, கரண்ட் போச்சு!"

"உங்க வீட்லயுமா?"

நான் அசையாமல் நின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தரையில் புதிய தடம் எதுவும் விழவில்லை. கழுத்து வியர்வை மெல்லக் குளிர்ந்தது. மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு கால் வைத்தது. பிறகு தன் ஆபீசுக்கு வருவது போல நடந்து வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. பொட்டுவின் அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

பட்டாணி ஜன்னலுக்கு வந்தாள். "போயிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

அப்போது மேலே எங்கோ ஒரு தொண்டை கனைத்தது.

அப்புறம் எதிர்ச் சுவரில் ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. நான் அண்ணாந்து பார்த்தேன். அத்தனை நாளும் தரையையே பார்த்துக்கொண்டு ஓடியவள், அன்றைக்குத்தான் மேலே பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில், இரண்டு சுவரிலும் பெட்டி பெட்டியாகத் தொங்கின. ஒவ்வொன்றின் வட்ட வாயிலும் ஒரு விசிறி சுழலத் தொடங்கியது. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் ஒரு குழாய், சொட்... சொட்... வெளியே விடும் சூட்டுக்கு மேலே போக வழி இல்லை. பிளாஸ்டிக் தகட்டில் முட்டிக் கீழேயே திரும்பியது.

எண்ணினேன். பதின்மூன்று.

பதினான்காவது பட்டாணியின் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. எல்லாவற்றிலும் புதுசு அதுதான். அதற்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் ஒரு திமிங்கலப் படம், இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது.

அந்தத் திமிங்கலத்தை வரைந்து ஒட்டியது நான்தான். என் ஜன்னலை வெளியிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

பெட்டி ஒரு தடவை உறுமிவிட்டு, என் முகத்தில் ஊதியது.

பொட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தில் இல்லை, வெட்கத்தில். பேய்க்குப் பயந்து ஓடி ஓடிப் போய், நானே அதற்குத் தீனி போட்டிருக்கிறேன்.

"பட்டாணி," என்றேன். "அந்தப் பேய் நான்தான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நீ மட்டும் இல்ல," என்றாள். "பதினாலுல ஒண்ணு."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு கட்டடத்திலும் சந்துப் பக்கம் இருந்த ஒவ்வொரு கதவிலும் ஒட்டினோம்.

"பேய் காட்டப்படும். இடம்: பின்சந்து. நேரம்: ஞாயிறு மதியம் மூன்று மணி. உங்கள் வீட்டு ஏசியை நிறுத்தாமல் வரவும். பேய்க்கு அதுதான் சாப்பாடு."

யார்தான் வரமாட்டார்கள்? ஞாயிறு மூன்று மணிக்குச் சந்தில் நிற்க இடமில்லை. என் அப்பா அம்மா வந்தார்கள். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வந்தார். கட்டடத்துக் காரியமெல்லாம் பார்க்கும் செயலாளர் மாமா, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். இரண்டே நிமிடத்தில் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா இது, அடுப்புக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு! பேய் எங்க?" என்றார் மாமா.

"அதுக்குப் பதினாலு வாய் மாமா."

"பதினாலு வாயா?" என்றார் பல் டாக்டர். "மொத்தம் எத்தனை பல்லு?"

"அண்ணாந்து பாருங்க டாக்டர்."

எல்லோரும் பார்த்தார்கள். தங்கள் ஏசியின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்கள்தான். அதன் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"எது... எது என்னோடது?" என்றார் டாக்டர் மெல்ல.

"அந்தத் துருப்பிடிச்சது."

"எங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான்மா ஓடுது," என்றார் அவர்.

"எங்க வீட்லயும் ஒண்ணுதான்."

"நாங்களும் ஒண்ணுதாம்ப்பா வெச்சிருக்கோம்!"

ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். சத்தம் பெரிதானது. அதற்கு நடுவில் ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல."

பட்டாணிதான். கையில் அந்த வளைந்த மெழுகுவர்த்தி. பின்னால், பொட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை. அறை ஓரத்தில் கட்டி வைத்த பெட்டிகள்.

நான் மாடிக்கு ஓடினேன். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள இல்லை. ஏசியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். திமிங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த வாய் மூடியிருந்தது. அடுத்து டாக்டர் போனார். அப்புறம் ஒவ்வொருவராக. மூச்சு இளைத்து, இளைத்து, கடைசியில் நின்றது.

செயலாளர் மாமா மட்டும் பிளாஸ்டிக் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மூடியப் போட்டது நான்தான்," என்றார். அரை மணி நேரத்தில் ஏணியோடு வந்து அதைக் கழற்றியதும் அவர்தான். எங்கள் சந்துக்கு வானம் கிடைத்தது.

அத்தை பெட்டியை அவிழ்க்கவில்லை. ஆனால் தூக்கவும் இல்லை. "ஒரு வாரம் பாக்கலாம்," என்றார். பட்டாணி ஜன்னலில் புது மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தினாள்.

அன்று இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தச் சூடெல்லாம் இப்ப எங்க போயிருக்கும்?" என்றேன்.

"மேல."

"மேல எங்க?"

பட்டாணி யோசித்தாள். "சயின்ஸ் டீச்சர் சொன்னாங்கல்ல? கரண்ட் செய்யக் கரி எரிக்கறாங்க, வண்டிக்குப் பெட்ரோல் எரிக்கறாங்க. அந்தப் புகையெல்லாம் பூமி மேல போர்வை மாதிரி மூடிக்கிட்டு, சூட்டை வெளிய விடாதுன்னு."

நான் அண்ணாந்து பார்த்தேன். வானம் நீலமாக, சும்மா இருந்தது. ஒரு மூச்சும் கேட்கவில்லை. ஆனாலும் கை ரோமம் சிலிர்த்தது. நாங்கள் இருப்பது இன்னொரு பெரிய சந்தோ?

"அந்த மூடியக் கழட்ட எந்த மாமா ஏணி கொண்டு வருவார்?"

"கழட்டறது கஷ்டம்தான்," என்றாள் பட்டாணி. "மேல மேல போடாமலாவது இருக்கலாம்ல?"

எங்கள் கட்டடங்களில் இப்போது யாரும் இருபத்தாறுக்குக் கீழே வைப்பதில்லை. பல் டாக்டர் மின்விசிறியே போதும் என்கிறார். அதில் பாதி பொய். என் ஏசி மதியத்தில் ஓடுவதே இல்லை. மதியம் நான் பட்டாணி வீட்டில்தானே இருக்கிறேன்! வெயில் குறையவில்லை, வியர்க்கத்தான் வியர்க்கிறது. ஆனால் என் சாக்பீஸ் கோடு தண்ணீர் மீட்டரைத் தாண்டுவதில்லை.

ஒரு வாரம் ஆனது. மெழுகுவர்த்தி லேசாகச் சாய்ந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை. பொட்டுவின் முதுகில் சிவப்பு மங்கியிருந்தது. அத்தை பெட்டியை அவிழ்த்து, காலியாக அலமாரி மேலே வைத்தார்.

மதியம் மூன்று மணிக்கு எங்கள் சந்தில் இப்போதும் யாரோ மூச்சு விடுகிறார்கள். சந்து அவ்வளவு அமைதியாக இருப்பதால், ஜன்னல் பக்கம் நின்றால் நன்றாகக் கேட்கும். காலடியில் மேனேஜர் தூங்கும். உள்ளே தொட்டிலில், வாயைத் திறந்துகொண்டு, பொட்டு தூங்குவாள்.