யானைச் சறுக்கும் தூக்குவாளி மூடியும்

அந்தப் பொங்கலுக்கு ஷீலாவுக்கு வயது பத்து. உயரம், யானையின் காலில் இருந்த சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கம்மி.

யானை என்றால் நிஜ யானை இல்லை. வைகை அணைப் பூங்காவில் நின்ற சிமெண்ட் யானை. வால் பக்கம் படியேறி, முதுகில் உட்கார்ந்து, தும்பிக்கை வழியாகச் சறுக்கி வந்து மணலில் பொத்தென்று விழலாம். அதன் முன்னங்காலில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகள் ஏறக் கூடாது. ஒரு தடவைக்கு ஒருவர்தான் சறுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு விசில் ஊதிவிட்டால் அவ்வளவுதான், யானை தூங்கப் போய்விடும்.

போன வருடம் காணும் பொங்கலுக்கும் ஷீலா வந்திருந்தாள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். இரண்டு மணி நேரம் இடிபட்டு, மிதிபட்டு, கடைசியில் முதல் படியில் கால் வைத்தபோது விசில் ஊதிவிட்டது. போடி வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்த்தா" என்று அப்பா ஜாஸ்பர் சமாதானம் சொன்னார்.

அந்த அடுத்த வருடம், 1998, இதோ வந்துவிட்டது. ஆனால் இதற்கும் அடுத்த வருடம் ஷீலா கோட்டைத் தாண்டியிருப்பாள். சறுக்கினால் இன்று, இல்லாவிட்டால் இல்லவே இல்லை. அதனால்தான் காலையிலேயே அம்மாவிடம் சண்டை.

"அம்மா, பூ வேண்டாம். சடையை நல்லா அமுக்கிப் பின்னு."

"நல்ல நாளும் அதுவுமா மொட்டைச் சடையோடயா வருவ?"

"பூ வச்சா உயரம் கூடிரும்மா!"

அம்மா சிரித்துவிட்டு, எண்ணெயை இன்னும் கொஞ்சம் தடவி அமுக்கிப் பின்னினாள்.

போடி கடைவீதியில் ஜாஸ்பருக்குப் பாத்திரக் கடை. வருடத்தில் கடை பூட்டியிருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காணும் பொங்கல் அதில் ஒன்று. அன்றைக்கு எவர்சில்வர் தூக்குவாளியில் புளிச்சோறு, டப்பாவில் பருப்புத் துவையல், கூஜாவில் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறுவார்கள். அந்தப் புளிச்சோற்றின் மணமும், ஜன்னலோரக் காற்றும், ஆண்டிபட்டிப் பக்கம் வரும்போது தூரத்தில் தெரியும் அணைச் சுவரும் ஷீலாவுக்கு எப்போதும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும்.

பூங்காவில் போன வருடக் கூட்டம் போல இரண்டு மடங்கு. தேனி, கம்பம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கே திரண்டு வந்திருந்தது. ஷீலா சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு யானையிடம் ஓடினாள்.

அங்கே வரிசை என்று ஒன்று இருந்தால்தானே! படிக்கட்டைச் சுற்றி ஐம்பது, அறுபது பிள்ளைகள் தேன்கூடு மாதிரி அப்பிக்கொண்டிருந்தார்கள். பலமுள்ளவன் ஏறினான். இல்லாதவன் வெயிலில் நின்றான். ஆண்டிபட்டித் தமிழ்மாறன் என்ற பையன் மட்டும் அதற்குள் ஐந்து தடவை சறுக்கிவிட்டான்.

"ஏலே, வரிசையா நில்லுங்கடா! ஒழுங்கா நில்லுங்கடா!" என்று காவலாளி சுந்தரலிங்கம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தார். விசில் ஊதினாலும் யாரும் சட்டை செய்யவில்லை.

ஷீலா யோசித்தாள். அவர்கள் தெருக் குழாயில் இதைவிடப் பெரிய கூட்டம் வரும். ஆனால் அங்கே யாரும் வெயிலில் நிற்க மாட்டார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

"மாமா, எல்லாரும் செருப்பைக் கழத்தி வரிசையா வைக்கட்டும். ஆளுக்குப் பதிலா செருப்பு நிக்கும். நாங்க நெழல்ல உக்காந்துக்கிறோம்."

சுந்தரலிங்கத்துக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. பத்தே நிமிடத்தில் செருப்பு வரிசை வளைந்து நெளிந்து பூவரச மரம் வரைக்கும் போய்விட்டது. ஷீலாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை கால் மணி நேரம் நீடித்தது. அந்த வருடம் பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் நீல வார் ரப்பர் செருப்புதான் வாங்கியிருந்தார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏய், அது என் செருப்பு!"

"போடா, இதுல என் கால் மண்ணு ஒட்டியிருக்கு பாரு!"

"எல்லாச் செருப்புலயும்தான் மண்ணு ஒட்டியிருக்கு!"

செருப்புகள் பறந்தன. ஒன்று சுந்தரலிங்கத்தின் தொப்பியில் போய் விழுந்தது.

"நல்லா யோசனை சொன்ன தாயி!" என்றார் அவர்.

ஷீலாவின் முகம் சுருங்கிவிட்டது. தெருக் குழாயில் மட்டும் ஏன் இந்தச் சண்டை வருவதில்லை? சட்டென்று அவளுக்குப் பிடிபட்டது. குடத்தில் பேர் இருக்கும்! அப்பா கடையில் பாத்திரம் வாங்குகிறவர்கள் பேர் வெட்டாமல் வாங்கிப் போவதே இல்லையே. உளியை வைத்து அவர் டொக் டொக்கென்று தட்டத் தட்ட, புள்ளி புள்ளியாகப் பேர் எழுந்து வரும்.

"மாமா, செருப்பு வேண்டாம். எல்லாரும் கட்டுச்சோறு கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்துட்டு வரட்டும். அதுல பேர் இருக்கும். ஒரு பேருக்கு ஒரு சறுக்கு. பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா பாத்திரம் கடைசிக்குப் போயிரும். எங்க குழாய்லயும் அதான் சட்டம்."

பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடினார்கள். டிபன் கேரியர், தூக்குவாளி, சம்படம், கிண்ணம் என்று வரிசை பளபளத்தது. பேரை வாசிக்கும் வேலையைத் தமிழ்மாறன் தானே வாங்கிக்கொண்டான். அவனுக்குக் குரல் வெண்கல மணி. வேலை என்று ஒன்று கிடைத்ததும் தள்ளுவதை மறந்துவிட்டான்.

"கருத்தக்கண்ணன்!" என்று கூவினான். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து வந்தாள். அது அவள் தாத்தா பேர்.

"அன்னத்தாய்!" பல் விழுந்த பையன் ஒருவன் வெட்கத்தோடு ஓடி வந்தான். அது அவன் அம்மா பேர்.

"ஒச்சாண்டி அன்பளிப்பு!" என்று வாசித்ததும் கூட்டமே கொல்லென்று சிரித்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரமாம். அதன் சொந்தக்காரப் பையன் சறுக்கி இறங்கிய பிறகும் எல்லோரும் அவனை "டேய் அன்பளிப்பு" என்றே கூப்பிட்டார்கள்.

ஷீலாவின் தூக்குவாளியில் "கிருபா ஜாஸ்பர்" என்று அம்மாவின் பேர் இருந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் எட்டே பாத்திரம். அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்தாள்.

"பாப்பா, ஓம் பாத்திரம் எங்கே?"

"எங்கள்ட்ட அண்டாதான்க்கா இருக்கு. அனுமந்தன்பட்டில இருந்து இருவத்தஞ்சு பேரு டிராக்டர்ல வந்திருக்கோம். அம்புட்டுச் சோறும் அதுலதான். உருட்டிப் பாத்தேன். உருள மாட்டேங்குது." அவள் கையெல்லாம் அண்டாக் கரி. அந்த அண்டாவிலும் 'ஊர்ப்பொது' என்றுதான் எழுதியிருக்குமாம்.

"ஓம் பேரென்ன?"

"ஜக்கம்மா."

ஷீலா தன் தூக்குவாளி மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். "இந்தா, இதை வையி."

தமிழ்மாறன் விடுவானா? மூடியைத் திருப்பிப் பார்த்தான். "இதுலயும் கிருபா ஜாஸ்பர்னு போட்டிருக்கு. ஒரே பேர்ல ரெண்டு வைக்கக் கூடாது. நீதான சட்டம் சொன்ன?"

சொன்னது அவள்தான். ஜக்கம்மாவின் உதடு பிதுங்கியது. போன வருடம் பஸ்ஸில் தன் உதடும் இப்படித்தான் பிதுங்கியது என்று ஷீலாவுக்குத் தோன்றியது.

"அப்ப இந்த மூடில அவ பேரையே வெட்டிக் கொண்டாந்தா?"

தமிழ்மாறன் தலையைச் சொறிந்தான். "சரி. ஆனா அவ முறை வர்றதுக்குள்ள மூடி வந்துரணும். அதுவரைக்கும் அவ நிக்கட்டும்."

ஷீலா மூடியோடு ஓடினாள். வாசலுக்கு வெளியே புளிய மரத்தடியில் அனுமந்தன்பட்டி டிராக்டர் நின்றது. டிரைவர் பேச்சிமுத்து அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, ஒரு ஆணியும் சுத்தியலும் வேணும். ஜக்கம்மா பேரை வெட்டணும்."

பேச்சிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டூல் பெட்டியைத் திறந்து கொடுத்தார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையின் மேல் மூடியை வைத்து, அப்பா செய்வதை நினைத்துக்கொண்டு, ஷீலா தட்ட ஆரம்பித்தாள்.

அப்பா தட்டும்போது சுலபமாகத்தான் இருந்தது. இவள் தட்டினால் ஆணி வழுக்குகிறது. அதுவும் 'ஜ' இருக்கிறதே, எத்தனை வளைவு! மணி என்று பேர் வைத்திருக்கக் கூடாதா? விரலில் ஒரு அடி, கட்டையில் இரண்டு அடி என்று விழுந்தது. தூரத்தில் தமிழ்மாறனின் குரல் கேட்டது.

"கிருபா ஜாஸ்பர்!"

ஷீலாவின் கை நின்றது. அவள் முறை வந்துவிட்டது! ஓடினால் பிடித்துவிடலாம். மூடியில் 'ஜக்க' வரைக்கும்தான் வந்திருந்தது.

"கிருபா ஜாஸ்பர்! ரெண்டாந்தரம்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குனிந்து 'ம்'முக்கு மேல் புள்ளி குத்தினாள்.

அவள் திரும்பி வந்தபோது அவளுடைய தூக்குவாளி கடைசிக்கும் கடைசியில், மூடியில்லாமல் ஆவென்று வாயைத் திறந்தபடி நின்றது. அதற்கு முன்னால், புதிதாக வந்து சேர்ந்தவற்றோடு, ஒன்பது பாத்திரங்கள். முன்பக்கம் ஜக்கம்மாவுக்கு முன்னால் மூன்றே பேர். ஷீலா மூடியை அவள் கையில் கொடுத்தாள். புள்ளிகள் கோணல்மாணலாக இருந்தாலும் பேர் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்காக ஓம் முறை போச்சாக்கா?"

"பரவால்ல. நீ போ" என்றாள் ஷீலா. பரவாயில்லை என்று சொன்னாளே தவிர, பரவாயில்லாமல் இல்லை.

சுந்தரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி அஞ்சு ஆகப்போகுது. இன்னும் ஒரே ஒரு பாத்திரம். அதோட யானை தூங்கப்போகுது!"

"ஜக்கம்மா!" என்று கூவினான் தமிழ்மாறன்.

ஜக்கம்மா படியேறவில்லை. மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். ஷீலாவின் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அதை எல்லோரும் பார்க்கக் கீழே வைத்து, மேலே மூடியை வைத்து டக்கென்று அழுத்தினாள்.

"மூடியும் வாளியும் சேந்தா ஒரு பாத்திரந்தான? ஒரு பாத்திரத்துக்கு ஒரு சறுக்கு. நானும் அக்காவும் சேந்து போறோம்."

தமிழ்மாறன் தூக்குவாளியை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு காவலாளியைப் பார்த்தான். "சரியாத்தான் சொல்றா மாமா. மூடி போட்ட குடத்தை யாராச்சும் ரெண்டுன்னு எண்ணுவாகளா?"

சுந்தரலிங்கத்தின் வாயில் விசில் இருந்தது. அவருக்கு வந்த சிரிப்பில் அது தானாகப் பீ, பீ என்று ஊதியது. "ஏறுங்க ஆத்தா, ஏறுங்க! கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

ஷீலா கோட்டருகே போய் நின்றாள். இன்னும் ஒரு விரல்கடை கம்மிதான். படியேறி யானையின் முதுகில் உட்கார்ந்தாள். மடியில் ஜக்கம்மா. மேலிருந்து பார்த்தால் அணையிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் சாயங்கால வெயிலில் மினுங்கியது. கீழே வேப்ப மரத்தடியில் அப்பாவும் அம்மாவும் எழுந்து நின்று கையாட்டினார்கள்.

"போலாமாக்கா?"

"போலாம்!"

காற்று காதில் இரைந்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திக்கொண்டே போய் மணலில் விழுந்தார்கள். எண்ணி நாலு நொடி இருக்குமோ என்னவோ. ஆனால் இரண்டு வருடம் காத்திருந்ததற்கு அது போதும்.

பிரியும்போது ஷீலா மூடியை நீட்டினாள். "ஓம் பேர் இருக்கு. நீயே வச்சுக்கோ."

ஜக்கம்மா தலையாட்டி மறுத்தாள். "மூடியில்லேன்னா சோத்துல ஈ உக்காரும்க்கா." சொல்லிவிட்டு டிராக்டரை நோக்கி ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா அந்த மூடியைப் பார்த்துவிட்டாள். "அடிப்பாவி, எங்க அம்மா வீட்டுச் சீருல யாரு பேரை வெட்டி வச்சிருக்க?"

ஷீலா நடந்ததை எல்லாம் சொன்னாள். ஜாஸ்பர் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆணியைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்க. அதான் கோணிருச்சு. மத்தபடி நல்லாத்தான் வெட்டியிருக்க" என்றார். அம்மா அவரை முறைத்தாள். ஆனால் மூடியை அவரிடமிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, பத்திரமாக வாளியில் பொருத்திக்கொண்டாள்.

மறு வருடம் ஷீலா கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தாள். கூட்டத்தில் ஜக்கம்மாவைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அதற்குப் பிறகு ஷீலா பள்ளிக்கூடம் முடித்து, மதுரைக்குப் போய்க் கல்லூரியும் படித்தாள். அப்பா கடையில் பேர் வெட்டக் கரண்டில் ஓடும் மெஷின் வந்துவிட்டது. இப்போது எல்லாப் பேரும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன.

அந்தத் தூக்குவாளி மட்டும் இன்னும் போடி வீட்டு அடுக்களையில் இருக்கிறது. விருந்தாட்கள் வந்தால் அம்மா அதில்தான் பலகாரம் போட்டுக் கொடுப்பாள். மூடியைப் பார்த்துவிட்டு, "கிருபா, யாரு இது ஜக்கம்மா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

ஷீலா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள்.

"அவளா? இந்தத் தூக்குவாளியில பாதி அவளுக்குத்தான் சொந்தம்."